சவுத்வெஸ்ட்: குறைந்த கட்டணத்தில் லாபம் எப்படி?

கேள்வி:
அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் 1973 முதல் 2019 வரை தொடர்ந்து 47 ஆண்டுகள் லாபம் ஈட்டியிருக்கிறது. கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே இதை எவ்வாறு சாதித்தார்கள் என்று யாரேனும் விளக்க முடியுமா?

பதில் 1:
தொடக்கத்தில் கைகொடுத்தது சட்டத்தில் இருந்த ஓர் இடைவெளி. 1971 ஜூனில் டாலஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ ஆகிய நகரங்களுக்கிடையே மட்டும் பறந்ததால், அதாவது டெக்சாஸ் மாநில எல்லையைத் தாண்டாததால், கட்டணங்களை நிர்ணயித்துவந்த மத்திய வாரியத்தின் கட்டுப்பாடு அவர்களைத் தொடவில்லை. போட்டியாளர்கள் தொடுத்த வழக்குகளால் அந்தத் தொடக்கமே சில ஆண்டுகள் தாமதமானது தனிக்கதை.

பதில் 2:
சட்டத்தைவிட 1972ஆம் ஆண்டைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பணத்தட்டுப்பாட்டால் நான்கு விமானங்களில் ஒன்றை விற்ற பிறகும் பழைய கால அட்டவணையைக் கைவிட மனமில்லாமல், தரையிறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடங்களில் மீண்டும் புறப்படச் செய்யப் பழகினார்கள். விமானம் பறந்தால்தானே வருமானம்! ஏறக்குறைய முழுவதும் போயிங் 737 வகையையே நம்பியதால் விமானிகளின் பயிற்சி, உதிரிபாகங்கள், பராமரிப்பு ஆகியவற்றின் செலவும் குறைந்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இந்த முறை இன்றும் மாறாமல் தொடர்கிறதா?

பதில் 3:
பெருமளவு மாறிவிட்டது. பெட்டிகளுக்குக் கட்டணமில்லை என்ற நெடுநாள் வழக்கம் 2025 மே மாதத்தில் முடிவுக்கு வந்தது. 2026 ஜனவரி முதல் இருக்கைகளும் முன்கூட்டியே ஒதுக்கப்படுகின்றன. முதலீட்டாளர்கள் கொடுத்த நெருக்கடி இதற்கு ஒரு முக்கியக் காரணம்.