மலைப்பாதையில் தொலைவிலிருந்து இயக்கும் வண்டி: வளைவில் படம் உடைவது ஏன்?

அஸ்தம்பட்டி மாணவன்:
வணக்கம். ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் ஒன்றுக்குள் மூட்டை ஏற்றிச் செல்லும் சிறிய தானியங்கி வண்டி தடுமாறும் இடங்களில், சேலத்தில் இருப்பவர் திரையைப் பார்த்து அதை இயக்கும்படி எங்கள் கல்லூரிக் குழு அமைத்து வருகிறது. நொடிக்கு 30 பிரேம் படத்தை எச்.264 என்ற காணொளிச் சுருக்க முறையில் சுருக்கி, 4ஜி வழியாக, தொலைந்த பாக்கெட்டை (தரவுத் துண்டை) மறுபடி அனுப்பாத யூடிபி முறையில் அனுப்புகிறோம். நேர்ப்பாதையில் படம் சீராக வருகிறது. வளைவில் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து, பின்பு உறைந்துவிடுகிறது. அடுத்த தலைமுறைச் சுருக்க முறையான எச்.265க்கு மாறினால் தீருமா?

குரங்குச்சாவடி:
பிட் மிச்சமாகும், சிக்கல் தீராது. வண்டி திரும்பும்போது முந்தைய பிரேமில் இல்லாத காட்சி, அதுவும் இலையும் தழையுமாக, திரையின் ஒரு பக்கத்திலிருந்து நுழைந்துகொண்டே இருப்பதால் பிட் தேவை ஏறுகிறது. அதே இடத்தில் மலை மறைத்து சிக்னலும் விழுகிறது. மற்ற பிரேம்கள் முந்தையதிலிருந்து மாறியதை மட்டும் சுமப்பதால், பாக்கெட் தொலைந்தால் அடுத்த ஐ-பிரேம், அதாவது பிற பிரேமைச் சாராத முழுப்படம், வரும்வரை படம் சரியாகாது. அந்த ஐ-பிரேமோ அளவில் மிகப் பெரியது என்பதால், மெலிந்த இணைப்பில் அதுவும் தொலைகிறது. ஆகவே முழு ஐ-பிரேமை விட்டு, பல பிரேம்களில் பட்டை பட்டையாகப் புதுப்பிக்கும் 'இன்ட்ரா ரிஃப்ரெஷ்' முறைக்கு மாறுங்கள். பிட் அளவு எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் ரேட் கண்ட்ரோல் பஃபரை ஏறத்தாழ ஒரு பிரேம் அளவுக்குக் குறையுங்கள். முன்னும் பின்னும் உள்ள பிரேம்களைச் சார்ந்த பி-பிரேம் (B-frame) அறவே வேண்டாம். பின்னால் வரும் பிரேமுக்காக அது காத்திருக்க வைக்கும். எச்.264 சுருக்க மென்பொருளான எக்ஸ்264இல் 'சீரோலேட்டன்சி' என்ற தாமதக் குறைப்பு அமைப்பு பி-பிரேமை நீக்கிவிடும். இன்ட்ரா ரிஃப்ரெஷ், பஃபர் இரண்டையும் நீங்கள்தான் தனியாக அமைக்க வேண்டும்.

மஞ்சக்குட்டை:
ஏற்காடு என்பதால் பனிமூட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூட்டத்தில் பிட் தேவை குறைந்து, தர அளவீடும் உயர்ந்து காட்டும். அதை நம்ப வேண்டாம். மூட்டத்துக்குள் நிற்கும் மாட்டின் மங்கலான விளிம்பைத்தான், சிறு வேறுபாடுகளைத் தோராயமாக்கிப் பிட்டைக் குறைக்கும் குவாண்டைசேஷன் முதலில் சுழியமாக்கிவிடும். இத்தகைய வெளிறிய பகுதிகளுக்குக் கூடுதல் பிட் ஒதுக்குவது ஏக்யூ (அடாப்டிவ் குவாண்டைசேஷன்) அமைப்பு. வேகத்துக்காக எக்ஸ்264இன் 'அல்ட்ராஃபாஸ்ட்' முறையைத் தேர்ந்தெடுத்தால் அது அணைந்துவிடும், நீங்களே திரும்ப இயக்க வேண்டும். வானத்துக்குப் பிட்டைக் குறைத்துப் பாதைக்குக் கூட்டுவதும் உதவும்.

அஸ்தம்பட்டி மாணவன்:
நன்றி ஐயா. எவ்வளவு தாமதம் வரை பொறுக்கலாம்?

குரங்குச்சாவடி:
வேகத்தைப் பொறுத்தது. மணிக்கு 18 கிலோமீட்டரில் 300 மில்லிநொடி என்றால், திரையில் தெரியும் இடத்தை வண்டி ஒன்றரை மீட்டர் கடந்திருக்கும். சராசரியைவிட மிக மோசமான தாமதத்தை அளந்து பாருங்கள். வெறிச்சோடிய எஸ்டேட் பாதையில் உறைந்த படமும் ஓடும் படமும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், நிறுத்தும் முடிவை இயக்குபவரிடம் விடக் கூடாது. ஒவ்வொரு பிரேமிலும் நேரமுத்திரை இட்டு, திரையில் கடைசியாகத் தெரிந்த பிரேமின் முத்திரையை ஒவ்வொரு கட்டளையோடும் திருப்பி அனுப்பச் செய்யுங்கள். வண்டி தன் கடிகாரத்தோடு மட்டும் அதை ஒப்பிட்டு, வரம்பு மீறினாலோ கட்டளையே வராவிட்டாலோ, தானே பிரேக் பிடிக்கட்டும்.