போட்டியாளரையே துணை வேட்பாளராக்கினால் பிளவுபட்ட கட்சி ஒன்றாகுமா?

அஸ்தம்பட்டி வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி உலக அரசியல் பேசி வருகிறோம். அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் தங்கள் துணை அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை குறித்து அடுத்த கூட்டத்தில் நான் பேச வேண்டும். 1960இல் கென்னடி, கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்குத் தம்மோடு போட்டியிட்ட லிண்டன் ஜான்சனையே துணைக்கு அழைத்தார். 1980இல் ரீகன், தம் பொருளாதாரத் திட்டத்தைக் கடுமையாகச் சாடியிருந்த ஜார்ஜ் புஷ்ஷைத் தேர்ந்தெடுத்தார். நம் மாவட்டத்தாருக்கு இக்காட்சி புதிதன்று. 2017 ஆகஸ்டில் அ.தி.மு.க.வின் இரு அணிகள் இணைந்தபோது எடப்பாடி பழனிசாமி முதல்வராகத் தொடர, ஓ. பன்னீர்செல்வம் துணை முதல்வரானார். 2022இல் அவர் கட்சியிலிருந்தே நீக்கப்பட்டார். இத்தகைய தேர்வு பிளவை ஆற்றுகிறதா, வாக்குப்பதிவு நாள் வரை மறைத்து வைக்கிறதா?

ஏற்காட்டு ஆசிரியர்:
ஐயா, வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் 1880ஆம் ஆண்டைத்தான் முதலில் சொல்வேன். சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில், முன்னாள் அதிபர் கிராண்ட்டை மூன்றாம் முறையாக அதிபராக்க விரும்பிய செனட்டர் காங்க்லிங்கின் கோஷ்டிக்கும் பிளெய்ன் கோஷ்டிக்கும் இடையே இழுபறி நீடித்து, 36ஆவது சுற்றில் எவரும் எதிர்பாராத கார்ஃபீல்ட் வேட்பாளரானார். தோற்றவர்களின் மனத்தாங்கலைத் தீர்க்க, நியூயார்க்கைச் சேர்ந்த காங்க்லிங்கின் அணுக்கரான செஸ்டர் ஆர்தருக்குத் துணை அதிபர் வாய்ப்பு தரப்பட்டது. மறுத்துவிடும்படி காங்க்லிங் சொல்லியும் ஆர்தர் அதை ஏற்றுக்கொண்டார்.

தேர்தலுக்கு அது போதுமானதாக இருந்தது. கார்ஃபீல்டுக்கு 214, எதிர்த்தவருக்கு 155 தேர்வாளர் வாக்குகள் (மாநிலந்தோறும் ஒதுக்கப்பட்டு, அதிபரைத் தீர்மானிப்பவை). நியூயார்க்கின் 35 வாக்குகள் கைமாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும். ஆனால் வென்றபின் பிளெய்னை வெளியுறவு அமைச்சராக்கிய கார்ஃபீல்ட், நியூயார்க் துறைமுகச் சுங்கத் தலைமைப் பதவிக்குக் காங்க்லிங்கின் எதிராளியை நியமித்தபோது, காங்க்லிங் செனட் பதவியையே துறந்தார். கோஷ்டியின் உயிர்நாடி, தம் ஆட்களுக்கு வேலை வழங்க உதவிய அந்தச் சுங்க அலுவலகத்தில் இருந்தது, துணை அதிபர் நாற்காலியில் அன்று. என் கருத்தில், நியமனங்களில் பங்கு தராமல் பெயரை மட்டும் வேட்புமனுவில் சேர்த்தால் உறவு நிலைக்காது.

ஆத்தூர் வழக்கறிஞர்:
ஆசிரியர் ஐயாவின் விளக்கம் செறிவானது. எனினும் நம் ஊர் ஒப்பீட்டில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். துணை முதல்வர் என்ற பதவி நம் அரசியலமைப்பில் இல்லை. முதல்வரின் பரிந்துரையால் அதை நீக்கிவிடலாம். அமெரிக்கத் துணை அதிபரோ அதிபருடன் சேர்ந்தே தேர்ந்தெடுக்கப்படுபவர். நான்காண்டுக் காலத்தில் அதிபரால் அவரைப் பதவி நீக்க முடியாது. ஆகவே தேர்தலுக்கு முன் கொடுக்கும் அந்த இடம் உண்மையான கொடைதான்.

ஆள் தேர்வும் முக்கியம். 1976இல் ரீகன், மாநாட்டுக்குச் சுமார் மூன்று வாரங்களுக்கு முன்பே பென்சில்வேனியாவின் மிதவாத செனட்டர் ஷ்வைக்கரைத் துணையாக அறிவித்தார். தம் ஆதரவாளர்களில் பலர் மனம் கசந்தனரே தவிர, எதிரணியிலிருந்து வேண்டிய பிரதிநிதிகள் வரவில்லை. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டு வாக்கெடுப்பில் 1187க்கு 1070 என்று அன்றைய அதிபர் ஃபோர்டிடம் தோற்றார். எதிர்த்தரப்பில் ஒருவரை அழைப்பதும், தம் பின்னால் ஆட்களைத் திரட்டி வரக்கூடிய ஒருவரை அழைப்பதும் ஒன்றல்ல. ஜான்சன் செனட் பெரும்பான்மைத் தலைவர். 24 தேர்வாளர் வாக்குகளைக் கொண்ட டெக்சாஸைச் சேர்ந்தவர். அதனால்தான் தொழிற்சங்கத்தார் எதிர்த்தும் கென்னடி அவரை விடவில்லை.

ஓமலூர் வாசகி:
இன்னொன்றையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். சமாதானத்துக்காக அழைக்கப்பட்டவரே அதிபராகிவிடலாம். 1864இல் லிங்கன் துணைக்குச் சேர்த்த ஆண்ட்ரூ ஜான்சன், எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். லிங்கனின் இரண்டாம் பதவியேற்பு முடிந்து ஆறே வாரங்களில் லிங்கன் கொல்லப்பட, ஜான்சன் நாட்டை ஆள வேண்டியதாயிற்று. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுடன் மோதி, 1868 பதவி நீக்க விசாரணையில் ஒரே வாக்கில் தப்பினார். வேட்பாளர்கள் இந்தச் சாத்தியத்தைத் தள்ளிவிட்டு வாக்குகளை மட்டும் எண்ணுவது எனக்கு வருத்தம் தருகிறது.

அஸ்தம்பட்டி வாசகர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயா, கார்ஃபீல்ட் சுடப்பட்டு 1881 செப்டம்பரில் இறந்தபின் ஆர்தர் தம் கோஷ்டிக்கு ஆதரவாக நடந்தாரா?

ஏற்காட்டு ஆசிரியர்:
இல்லை. தகுதித் தேர்வின்படி அரசு வேலை தரும் பெண்டில்டன் சட்டத்தில் 1883 ஜனவரியில் அவரே கையெழுத்திட்டார். காங்க்லிங் கோஷ்டி எந்த நியமன முறையால் வளர்ந்ததோ, அதன் வேரில்தான் அச்சட்டம் கைவைத்தது.