இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு மெதுவோட்டம்: எப்போது தொடங்கலாம், எங்கே ஓடலாம்?

சிப்புட்_மகள்:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 57 வயது, எடை 68 கிலோ. வலது இடுப்பு மூட்டை முழுசாக மாற்றி ஐந்து மாதம் ஆகிறது. பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவை. தொடை எலும்புக்குள் சிமெண்டு போடாமல் இறக்கிய தண்டு, அதன் மேல் செராமிக் பந்து, இடுப்பெலும்பில் பொருத்திய கிண்ணத்துக்குள் பிளாஸ்டிக். மூத்தோர் திடல்தடப் போட்டியில் 1500 மீட்டர் ஓடியவர். ஆறாம் மாத எக்ஸ்ரே பார்த்துவிட்டு ஓட்டத்தைப் பற்றிப் பேசலாம் என்றார் டாக்டர். இவரோ லயத்துக்குப் பின்னால் இருக்கும் செம்பனைக் காட்டுச் சடக்கில் காலை ஆறு மணிக்கே இறங்கத் துடிக்கிறார். எதைப் பார்த்து ஓட விடுவது?

பிசியோ_பேராக்:
தங்கச்சி, மாதத்தை மட்டும் எண்ணாதீர்கள். சிமெண்டு இல்லாத தண்டை எலும்பு பற்றிக்கொள்ள 6 முதல் 12 வாரம் பிடிக்கும். அது பெரும்பாலும் முடிந்திருக்கும், எக்ஸ்ரே உறுதிப்படுத்தட்டும். பின்தங்குவது சதைதான், அதிலும் இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ். வலியோடு நொண்டிய காலத்திலேயே அது மெலிந்திருக்கும். மூட்டை மாற்றியதால் மட்டும் தேறிவிடாது.

வீட்டிலேயே சோதிக்கலாம். கால்சட்டையின் இடுப்புப் பட்டையில் பின்புறம், இரு பக்கமும் ஒரே உயரத்தில் வெள்ளை டேப் ஒட்டுங்கள். வலது காலில் மட்டும் நிற்கச் சொல்லி, பின்னாலிருந்து கைப்பேசியில் 30 வினாடி படம் பிடியுங்கள். இடது டேப் கீழே சரிந்தாலோ, சரியாமலிருக்க உடம்பையே வலப்பக்கம் சாய்த்தாலோ, இன்னும் ஓடக்கூடாது. தேறினால் 20 சென்டிமீட்டர் படியில் வலது காலால் ஏறி, அதே காலில் தாங்கி மெதுவாக இறங்கட்டும், 15 தடவை. முழங்கால் உட்பக்கம் மடங்கக்கூடாது. கடைசியாக 5 கிலோமீட்டர் வேக நடை. நொண்டலும் இருக்கக்கூடாது, மறுநாள் காலையில் வலியும் கூடக்கூடாது.

தேறாவிட்டால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, தொடைகளுக்கு நடுவே தலையணை வைத்து, வலது காலைத் தூக்கச் சொல்லுங்கள். 12 தடவை, மூன்று சுற்று, வாரத்தில் நான்கு நாள். கால் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் வந்துவிட்டால் தொடையின் முன்சதை வேலையைப் பிடுங்கிக்கொள்ளும், பக்கவாட்டுச் சதை சும்மா இருக்கும். பலர் இரண்டு மாதம் செய்தும் பலன் இல்லை என்பதற்கு இதுதான் காரணம்.

டாக்டர் சம்மதித்த பிறகு: 10 நிமிடம் நடை, பிறகு 1 நிமிடம் மெதுவோட்டம், 4 நிமிடம் நடை, இப்படி ஐந்து முறை. ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தில் ஒரு நிமிடம் கூட்டி, நடையில் ஒரு நிமிடம் குறைக்கலாம். 1500 ஓடியவருக்கு நீண்ட அடி பழகியிருக்கும், அதை விடவைப்பதுதான் கஷ்டம். நிமிடத்துக்கு 160 அடி வைத்தால் 170 ஆக்கச் சொல்லுங்கள். பாதம் உடம்புக்கு அடியிலேயே விழும், இடுப்பில் சுமை குறையும்.

திடல்_சுற்று:
அந்தச் செம்பனைச் சடக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பெர்லினில் பெர்க்மான் என்ற ஆய்வாளரின் குழுவினர் அளவுக்கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளிலேயே சுமையை அளந்திருக்கிறார்கள். நடக்கும்போது உடல் எடையைப் போல ஏறத்தாழ 3 மடங்கு, மெதுவோட்டத்தில் 5 மடங்கு, தடுக்கித் தடுமாறினால் 7 மடங்குக்கும் மேல். அப்பாவின் எடைக்கு 204, 340, 476 கிலோ. ஓட்டத்தை விடத் தடுக்கலுக்குத்தான் பயப்பட வேண்டும். விழுந்தால் தண்டைச் சுற்றியுள்ள தொடை எலும்பே உடையலாம்.

தோட்டத்துச் சடக்கில் லாரி டயர் பள்ளம், உதிரிப்பழம், வெட்டிப்போட்ட மட்டை எல்லாம் கிடக்கும். நம் ஊரில் ஏழு மணி வாக்கில்தான் வெளுக்கும், ஆறு மணிக்கு ஒன்றும் தெரியாது. ஏழே காலுக்குப் பள்ளித் திடலுக்குப் போகட்டும். முந்தின நாள் மழை பெய்து புல் ஊறியிருந்தால் அன்று நடை போதும். பாதிச் சுற்றுகளைத் திசை மாற்றி ஓட வேண்டும், வளைவில் ஒரே காலுக்குச் சுமை போகாது. தார்ச் சடக்கின் ஓரச் சரிவும் அதே கோளாறுதான்.

எலும்புப்பிரிவு_தாதி:
இரண்டு விஷயம். ஓடி முடித்ததும் பழைய பழக்கத்தில் முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து உள்பக்கம் திருப்பி நீட்டுவார்கள். பின்பக்க அறுவையில் பந்து கிண்ணத்தை விட்டு நழுவுவது அந்த மடக்கலில்தான். காலணிக் கயிறு கட்டக் குனிவதும் அப்படியே. உயரமான நாற்காலியும், குனிந்து கட்டத் தேவையில்லாத இழுபடும் காலணிக் கயிறும் வாங்கிக்கொடுங்கள்.

அடுத்தது தேய்மானம். சாதாரண நடமாட்டத்தில் ஒரு காலுக்கு ஆண்டில் சுமார் 10 லட்சம் அடி விழும். வாரம் மூன்று நாள் 5 கிலோமீட்டர் ஓடினால் இன்னும் 4 லட்சம் சேரும், அதுவும் கூடுதல் சுமையோடு. இப்போதைய குறுக்குப்பிணைப்பு (மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்த) பிளாஸ்டிக் பழையதைவிட மிகக் குறைவாகத்தான் தேய்கிறது. ஆனாலும் 57 வயதில் அந்த மூட்டு இன்னும் பல ஆண்டு உழைக்க வேண்டும். 3 கிலோமீட்டரோடு நிறுத்திவிட்டு மற்ற நாளில் சைக்கிளோ நீச்சலோ வைத்துக்கொண்டால் நல்லது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு மட்டும் ஓட விடாதீர்கள்.

சிப்புட்_மகள்:
எல்லாருக்கும் நன்றி. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். உட்கார்ந்து எழுந்தால் முதல் நாலைந்து அடிக்கு நடுத்தொடையில் வலி என்கிறார். நடந்தால் போய்விடுகிறது. சதைவலியா?

பிசியோ_பேராக்:
சதைவலி என்று விட்டுவிடாதீர்கள். எழுந்த முதல் அடிகளில் நடுத்தொடை வலித்தால், தண்டின் நுனி எலும்புக்குள் இன்னும் லேசாக அசைகிறது என்று அர்த்தமாகலாம். சிலருக்கு மாதங்களில் தானாக அடங்கும், சிலருக்குத் தண்டு பிடிக்கவே இல்லை என்பதற்கு அடையாளம். கவட்டையில் வலி வந்தால் கிண்ணத்தைச் சந்தேகிக்க வேண்டும். காய்ச்சல், தழும்பில் சூடு, கெண்டைக்கால் வீக்கம் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இப்போதைக்கு ஓட்டச் சோதனை எதுவும் வேண்டாம், நடையோடு நிற்கட்டும். ஆறாம் மாதம்வரை காத்திராமல் இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள். அறுவை முடிந்ததும் எடுத்த முதல் எக்ஸ்ரேயையும் கொண்டுபோங்கள். தண்டு சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.