புதுப்பிப்பு: அம்மாவுக்கு மைக்கோஃபெனோலேட் தொடங்கியாச்சு

ஸ்க்ளெரோடெர்மாவால் (தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய்) அம்மாவின் நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கு, எந்த மருந்து நல்லதென்று முன்னர் கேட்டிருந்தேன். நோயெதிர்ப்பை அடக்கும் இரண்டு மருந்துகளில் சைக்ளோபொஸ்பமைட் இல்லை, மைக்கோஃபெனோலேட்தான் கொடுத்திருக்கிறார்கள். 2016இல் வெளியான ஆய்வில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தந்ததாம். மைக்கோஃபெனோலேட்டில் இரத்த வெள்ளணுக்கள் இறங்குவது குறைவு என்றார் டொக்டர்.

"பிரெட்னிசலோனைக் கூட்டச் சொல்லுங்க" என்று எழுதியவர்களுக்கு: அது ஸ்டீரொய்ட் மருந்து; இந்த நோயில் அதன் கூடிய டோஸ் சிறுநீரகத்தைத் திடீரெனப் பழுதாக்கலாம். அதனால் அந்தப் பேச்சே இல்லை.

மூச்சு டெஸ்ட்டில் அளவு கூடவில்லை, குறையவும் இல்லை. எனக்கு அதுவே பெரிய சந்தோசம். விழுந்த தழும்பு மாறாது, மேலும் பரவாமல் பிடித்து வைக்கத்தான் மருந்து. அம்மாவுக்கு இதை விளங்கவைப்பதுதான் பெரும்பாடு. "மாத்திரை போட்டும் மேட்டு லயத்துக்கு (தோட்ட வரிசை வீடுகளுக்கு) ஏறினா மூச்சு வாங்குதே" என்கிறார்.

நாங்கள் இருக்கும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், காற்றில் ஒக்சிசன் குறைவு. கண்டி கிளினிக்கில் காட்டிய இரத்த ஒக்சிசன் அளவை இங்கே எதிர்பார்க்க முடியாது. வீட்டிலேயே அளந்து, பழைய வீட்டு அளவோடு ஒப்பிடுங்கள்; இறங்கினால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

இரத்தப் பரிசோதனை தவறுவதில்லை. காய்ச்சல் வந்தால் கசாயத்தோடு காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரி. அம்மாவுக்குப் புகை படாமலிருக்க, விறகடுப்புப் பக்கம் இப்போது நான்தான். குளிரில் விரல் வெளுப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த கிளினிக்கில் கேட்கணும்.