புதுப்பிப்பு: சில்லர் வெப்பச் சமநிலைக் கணக்கு பொருந்திவிட்டது

எங்கள் அலுவலகக் கட்டடத்துச் சில்லரின் (குளிரூட்டலுக்கான நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வெப்பச் சமநிலைக் கணக்கு, அதாவது உள்ளே போகும் ஆற்றலும் வெளியேறும் வெப்பமும் ஒத்துப்போகிறதா என்ற கணக்கு, ஏன் பொருந்தவில்லை என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன், காரணம் தெரிந்துவிட்டது. சில்லரின் வெப்பத்தை வெளியே கொண்டுசெல்லும் கன்டென்சர் நீர்க் குழாயில் இருந்த வெப்பநிலை உணரி, தன் உறையின் அடிவரை இறங்காமல் விரற்கடை அளவு மேலே நின்றிருந்தது. உள்ளே, உணரிக்கு வெப்பத்தைக் கடத்தும் களிம்பும் காய்ந்து பொடியாகியிருந்தது. களிம்பைப் புதிதாக நிரப்பி உணரியை முழுவதும் இறக்கியபின் கணக்கின் இரு பக்கங்களுக்கும் இடையிலான வேறுபாடு 5 சதவீதத்துக்குள் வந்துவிட்டது.

சிங்கப்பூரின் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் குளிரூட்டல் தணிக்கையில், சில்லர் வெளியேற்றும் வெப்பம், கட்டடத்திலிருந்து எடுத்த வெப்பத்தையும் அது உண்ட மின்சாரத்தையும் கூட்டினால் வரும் அளவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். அளவீடே பிழையென்றால் ஒரு டன் (குளிரூட்டும் திறனின் அலகு) குளிர்ச்சிக்கு எத்தனை கிலோவாட் மின்சாரம் என்ற கணக்கை எப்படி நம்புவது? இந்தத் தணிக்கையை வெறும் காகித வேலை என்று முன்பு இங்கே எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அடுத்து, குளிர்நீர்ப் பம்புகளின் வேகத்தைக் குறைத்துப் பார்க்கவிருக்கிறோம்.