ஓஎல்இடி கேமிங் மானிட்டர் வாங்கலாமா? சலுகை இன்று இரவு 12 வரைதான், உதவுங்கள்

ஈசூன்_தம்பி | வெள்ளி, இரவு 8:12
வணக்கம். 27 இன்ச் ஓஎல்இடி கேமிங் மானிட்டர், 240 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 240 முறை படம் மாறும்), 849 சிங்கப்பூர் வெள்ளி போட்டிருக்கிறார்கள். இரவு 12 மணிக்குச் சலுகை முடிகிறது. நண்பன் வீட்டில் ஓஎல்இடி பார்த்ததிலிருந்து என் ஐபிஎஸ் (எல்சிடி வகை) மானிட்டரில் இருட்டுக் காட்சி வந்தாலே சாம்பல் பூசியது போலத் தெரிகிறது. ஆனால் பர்ன்-இன் (அசையாமல் நிற்கும் படத்தின் நிழல் திரையில் தங்கிவிடுவது) வரும் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். வாங்கலாமா வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

வீரா_240 | இரவு 8:19
வாங்குங்கள் தம்பி. நான் ஒன்றரை ஆண்டாக ஓஎல்இடிதான். எல்சிடியில் நிறம் மாற திரவப் படிகம் திரும்பவேண்டும், அதற்குச் சில மில்லி விநாடி ஆகும். வேகமாகத் திரும்பும்போது படம் இழுபடுவது அதனால்தான். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது, தானே அணைகிறது. 0.03 மில்லி விநாடி என்று பெட்டியிலேயே போடுகிறார்கள். சுடும் கேமில் ஓடிக்கொண்டே எதிராளியின் தலையைப் பார்க்க முடிகிறது. கறுப்பு என்றால் கறுப்பு. பர்ன்-இன் எனக்கு இதுவரை இல்லை.

நிலவன்77 | இரவு 8:31
தம்பி, காய்ச்சல் என்று மட்டும் சொல்லி மருந்து கேட்டால் எந்த டாக்டரும் தரமாட்டார். என்ன மாடல்? என்ன பேனல்? என்ன கிராபிக்ஸ் கார்டு? கேமுக்கு மட்டுமா, வேறு வேலைக்குமா? இதே கேள்வியை இங்கே பலமுறை விளக்கியிருக்கிறேன். கேட்பதற்கு முன் பழைய இழைகளை ஒருமுறை படிப்பது நல்ல பழக்கம்.

சரி, அடிப்படையாவது தெரிந்துகொள்ளுங்கள். ஓஎல்இடி மானிட்டரில் இரண்டு குடும்பம் உண்டு. சாம்சங் டிஸ்பிளே செய்வது கியூடி-ஓஎல்இடி: நீல ஒளியை எடுத்து, குவாண்டம் டாட் மூலம் சிவப்பும் பச்சையும் ஆக்குகிறார்கள். எல்ஜி டிஸ்பிளே செய்வது டபிள்யூஓஎல்இடி: வெள்ளை ஒளியை நிற வடிகட்டி வழியாக விடுகிறார்கள், கூடவே ஒரு வெள்ளைத் துணைப்புள்ளியும் இருக்கும். பெட்டியில் என்ன பெயர் இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். எது என்று தெரியாமல் யார் சொல்லும் பதிலும் குருட்டுப் பதில்.

மல்லி_செங்காங் | இரவு 8:40
எனக்கும் அதே கேள்வி, வேலைக்கும் இதையேதான் பயன்படுத்தப் போகிறீர்களா? நான் பக்க வடிவமைப்பு செய்பவள். விண்டோஸில் எழுத்தைக் கூர்மையாக்கும் கிளியர்டைப், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் கோடாக நிற்பதாக நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. கியூடி-ஓஎல்இடியில் அவை முக்கோணமாக இருக்கும், பச்சை மேலே, சிவப்பும் நீலமும் கீழே. அதனால் வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் பச்சையும் இளஞ்சிவப்பும் லேசாகக் கசியும்.

ஆங்கிலத்தில் பலருக்கு அது தெரியாது. தமிழில் எனக்கு உடனே தெரிந்தது. ண, ணை, ஞ, இ போன்ற எழுத்துகளில் சின்னச் சின்னச் சுழிகள். அந்தச் சுழிக்குள் நிறம் கசிந்தால் எழுத்து அடைத்தது போல ஆகிவிடுகிறது. 27 இன்ச் 1440பி (2560 x 1440 புள்ளி) என்றால் இன்ச்சுக்குச் சுமார் 110 புள்ளி. 32 இன்ச் 4கே-யில் சுமார் 140. அங்கே இந்தத் தொல்லை நன்றாகக் குறைந்துவிடும். நாள் முழுக்கப் படிக்கிற ஆளா என்பதைச் சொல்லுங்கள்.

ஈசூன்_தம்பி | இரவு 8:58
கியூடி-ஓஎல்இடி. 1440பி. கார்டு ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ. கேம்தான், கொஞ்சம் வேலையும்.

மல்லி_செங்காங் | இரவு 9:01
கொஞ்சம் என்றால் எவ்வளவு?

ஈசூன்_தம்பி | இரவு 9:09
வாரத்தில் 3 நாள் வீட்டிலிருந்து வேலை. 9 முதல் 6. எக்செல், அவுட்லுக்.

நிலவன்77 | இரவு 9:17
இதைத்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும். 3 நாள், 9 மணி நேரம், வாரத்துக்கு 27 மணி. இரண்டு ஆண்டில் 2,500 மணி நேரத்துக்கு மேல் ஒரே எக்செல் கட்டம், ஒரே மெனு, ஒரே டாஸ்க்பார். இது கொஞ்சம் இல்லை தம்பி.

பர்ன்-இன் என்பது திடீரென்று எரிந்துபோவது இல்லை, தேய்மானம். ஒளி தரும் கரிமப் பொருள் எரிய எரிய மங்கும். திரை முழுவதும் ஒரே அளவில் மங்கினால் கண்ணுக்குத் தெரியாது. டாஸ்க்பார் இருந்த இடம் ஒரு மாதிரியும் மற்ற இடம் ஒரு மாதிரியும் மங்கும்போதுதான் நிழல் தெரியும். என் முதல் ஓஎல்இடியில் 14 மாதத்தில் சாம்பல் பின்னணி போட்டால் டாஸ்க்பார் கோடு தெரிந்தது. தவறு என்னுடையது, வெளிச்சத்தை 100-இல் வைத்துப் பகல் முழுக்க வேலை செய்தேன். இப்போதைய மானிட்டரில் 40-க்கு மேல் போவதில்லை, டாஸ்க்பார் தானாக மறையும், பின்னணி கறுப்பு.

வீரா_240 | இரவு 9:24
அவ்வளவு பயம் வேண்டாம் அண்ணே. இப்போது பல நிறுவனங்கள் பர்ன்-இன்னுக்கே 3 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. 2022-இல் முதல் கியூடி-ஓஎல்இடி கேமிங் மானிட்டரை விட்டபோதே ஏலியன்வேர் அதைத் தந்தது.

ஜூரோங்_ராஜா | இரவு 9:33
எல்லாரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். நம் ஊர் வெப்பமும் ஈரமும். வெளிநாட்டில் குளிர் அறையில் சோதித்த கணக்கு இங்கே செல்லாது. ஏர்கான் இல்லாத அறையில் ஓஎல்இடி வைத்தால் ஈரம் உள்ளே போய்விடும். அறையில் ஏர்கான் உண்டா?

நிலவன்77 | இரவு 9:41
பாதி சரி. சூடு கூடினால் தேய்மானம் வேகமாகும், உண்மை. கரிமப் பொருளுக்கு ஈரம் ஆகாது என்பதும் உண்மை. அதனால்தான் ஆலையிலேயே காற்றும் நீரும் புகாதபடி அடைத்து மூடுகிறார்கள். நம் கையில் இருக்கிற ஓஎல்இடி கைப்பேசிகளும் இதே ஊரில்தான் ஓடுகின்றன.

ஜூரோங்_ராஜா | இரவு 9:46
கைப்பேசியை இரண்டு மூன்று ஆண்டில் மாற்றுகிறோம். மானிட்டரை மாற்றுவோமா? சரி, ஜன்னல் எந்தப் பக்கம்? அதையாவது சொல்லட்டும்.

ஈசூன்_தம்பி | இரவு 9:52
மேற்கு. நான் உட்காரும்போது முதுகுக்குப் பின்னால் ஜன்னல். ஏர்கான் உண்டு, இரவில்தான் போடுவோம்.

மல்லி_செங்காங் | இரவு 10:03
ஐயோ, மேற்கு ஜன்னலா? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மேற்கு ஜன்னல் என்றால் மூன்று மணியிலிருந்து ஏழு மணிவரை வெயில் நேராகத் திரையில் விழும். கியூடி-ஓஎல்இடியில் வெளி வெளிச்சத்தின் பிரதிபலிப்பைக் குறைக்கும் வழக்கமான போலரைசர் படலம் கிடையாது. வெளிச்சம் உள்ளே போய்ச் சிதறித் திரும்பி வரும். கறுப்பு, கறுப்பாக இல்லாமல் கத்தரிப்பூ நிறச் சாம்பலாகத் தெரியும். கடையில் விளக்குக்கு அடியில் வைத்திருக்கும்போது பார்த்தால் புரியும். நண்பன் வீட்டில் இரவில்தானே பார்த்தீர்கள்? எந்தக் கறுப்புக்காக வாங்குகிறீர்களோ, அது மாலையில் காணாமல் போகும். டபிள்யூஓஎல்இடியில் படலம் இருக்கிறது, அந்த விஷயத்தில் அது மேல். இல்லையென்றால் தடித்த திரைச்சீலை போடவேண்டும்.

இன்னொன்று. எக்செல் முழுக்க வெள்ளை. இந்த மானிட்டர்களில் திரையின் ஒரு மூலையில் சின்னதாக வெள்ளை இருந்தால் 1,000 நிட் (திரை வெளிச்சத்தின் அளவு) வரை போகும். முழுத் திரையும் வெள்ளை என்றால் 250 போலத்தான் நிற்கும். வெயில் அறையில் அது போதாது.

நிலவன்77 | இரவு 10:10
மல்லி சொன்னது சரி. அப்புறம் தம்பி, இரவு வேலை முடிந்ததும் மானிட்டரை எப்படி அணைக்கிறீர்கள்? பல மாடல்களில் 4 மணி நேரம் போல ஓடியதும், அடுத்து நீங்கள் அணைக்கும்போது அதுவே பிக்சல் ரிஃப்ரெஷ் செய்துகொள்ளும், சில நிமிடம் ஆகும். தேய்மானத்தை அளந்து சமன்செய்கிற வேலை அது. அதற்கு மின்சாரம் இருக்கவேண்டும்.

ஈசூன்_தம்பி | இரவு 10:16
படுக்கப்போகும் முன் அம்மா எல்லாச் சுவிட்சையும் சுவரிலேயே அணைத்துவிடுவார். அது பிரச்சினையா?

நிலவன்77 | இரவு 10:19
அதுதான் பிரச்சினையே. பேனல், கார்டு எல்லாம் அப்புறம். தினமும் சுவரில் அணைத்தால் ரிஃப்ரெஷ் ஓடாது, பர்ன்-இன்னை நீங்களே கூப்பிட்டு உட்கார வைப்பது போல. அம்மாவிடம் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள். காத்திருப்பில் அரை வாட்தான். ஆண்டுக்கு நாலரை யூனிட்கூட வராது, யூனிட் 30 காசு என்றாலும் ஒன்றரை வெள்ளிக்குள். இந்தப் பழைய பழக்கத்தை விடவேண்டும்.

பழைய_வயர்மேன் | இரவு 10:27
பழைய பழக்கம் என்று லேசாகச் சொல்லாதீர்கள். நான் 31 ஆண்டு வயரிங் வேலை பார்த்தவன். உலகிலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் நம் ஊரும் ஒன்று. இடி இடித்தால் சுவிட்சை அணை என்று பெரியவர்கள் சொன்னது பொருள் போகக்கூடாது என்றுதான்.

நிலவன்77 | இரவு 10:33
ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். சுவர்ச் சுவிட்சின் இடைவெளி சில மில்லிமீட்டர். அதை மின்னல் தாண்டாதா?

பழைய_வயர்மேன் | இரவு 10:41
நேரடி மின்னல் தாண்டும். அதனால்தான் இடி நேரத்தில் பிளக்கையே பிடுங்கச் சொல்கிறேன். ஆண்டெனா கம்பி, இணையக் கம்பி, எல்லாவற்றையும். சர்ஜ் தடுப்பு உள்ள நீட்டிப்புப் பலகை சின்னச் சின்ன ஏற்றத்தைத் தாங்கும், அவ்வளவுதான். ஆனால் தினமும் இரவில் அணைப்பது வேறு, இடிக்கு அணைப்பது வேறு. நீங்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறீர்கள்.

மல்லி_செங்காங் | இரவு 10:48
தோ பாயோவில் என் அம்மாவும் இப்படித்தான். ஒருமுறை இடியில் எங்கள் மோடம் போனது, அன்றிலிருந்து யார் சொன்னாலும் கேட்கமாட்டார். அவர்களுக்குக் காரணம் இருக்கிறது, நிலவன் அண்ணே. "நிறுத்தச் சொல்லுங்கள்" என்று சொல்லி முடிகிற விஷயம் இல்லை.

நிலவன்77 | இரவு 10:55
நான் யார் அம்மாவையும் குறை சொல்லவில்லை. பொருளின் தேவையைச் சொன்னேன்.

வீரா_240 | இரவு 11:02
கேமிங் மானிட்டர் கேள்வி எங்கேயோ போய்விட்டது. தம்பி, 3060 டிஐ 1440பி-க்குப் போதும். கனமான கேமில் விநாடிக்கு 240 பிரேம் (படம்) வராது, அது பரவாயில்லை. ஆனால் பிரேம் ஏறி இறங்கினால் விஆர்ஆர் (கேமின் பிரேமுக்கு ஏற்பத் திரை தன் வேகத்தை மாற்றும் வசதி) போட்டிருக்கும்போது இருட்டுக் காட்சியில் லேசாகப் படபடக்கும். ஓஎல்இடிக்கு அது உண்டு, நான் மறைக்கவில்லை. பிரேமை ஓர் எண்ணில் கட்டிவைத்தால் குறையும்.

ஈசூன்_தம்பி | இரவு 11:18
மணி 11:18. வாங்கவா வேண்டாமா?

சிம்லிம்_சுற்றி | இரவு 11:24
இப்போதுதான் பார்த்தேன். யாருமே கேட்கவில்லையே, அது லோக்கல் செட்டா எக்ஸ்போர்ட் செட்டா (வேறு நாட்டுச் சந்தைக்கான பொருளா)? அதே வகை கடைகளில் 900-க்கு மேல் பார்த்தேன், 849 என்றால் எனக்குச் சந்தேகம். எக்ஸ்போர்ட் செட் என்றால் இங்கே இருக்கும் நிறுவன சேவை மையம் பெரும்பாலும் கையில் எடுக்காது, கடைக்காரர் தரும் உத்தரவாதம் மட்டும்தான். பர்ன்-இன் உத்தரவாதம் என்பது நிறுவனம் தருவது. ஓஎல்இடியில் அது இல்லாமல் வாங்குவது குடை இல்லாமல் டிசம்பரில் வெளியே போவது மாதிரி.

2012 செப்டம்பரிலிருந்து லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்) இருக்கிறது. 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே இருந்த குறையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்டவேண்டியது கடைக்காரர். ஆனால் பர்ன்-இன் பெரும்பாலும் 6 மாதத்தில் வராது, அதற்குப் பிறகுதான் வரும். வெளிநாட்டிலிருந்து அனுப்புவதாக இருந்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரி அந்த விலையில் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கீழே சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள்.

ஈசூன்_தம்பி | இரவு 11:37
எக்ஸ்போர்ட் செட் என்றுதான் இருக்கிறது. கடை உத்தரவாதம் 1 ஆண்டு.

சிம்லிம்_சுற்றி | இரவு 11:39
விட்டுவிடுங்கள். இந்தச் சலுகை அடுத்த மாதமும் வரும்.

மல்லி_செங்காங் | இரவு 11:44
நானும் அதேதான் சொல்வேன். வேலைக்குப் பழைய ஐபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு, கேமுக்கு மட்டும் ஓஎல்இடியைத் தனியாக வைக்க மேசையில் இடம் இருக்கிறதா? என் வீட்டில் அப்படித்தான். எழுத்துத் தொல்லையும் இல்லை, டாஸ்க்பார் பயமும் இல்லை. ஒரே திரைதான் வேண்டும் என்றால் மினி எல்இடி (பின்னால் நிறையச் சின்ன விளக்குகள் உள்ள எல்சிடி) பாருங்கள். கறுப்பில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும், ஆனால் மேற்கு ஜன்னலையும் எக்செல்லையும் கவலையில்லாமல் தாங்கும்.

வீரா_240 | இரவு 11:51
இரண்டு திரை யோசனை நல்லது. ஆனால் மினி எல்இடி வாங்கி ஓராண்டு ஓஎல்இடியையே நினைத்துக்கொண்டிருந்தவன் நான். நண்பன் வீட்டில் பார்த்துவிட்டார், இனி மனம் கேட்காது.

பழைய_வயர்மேன் | சனி, காலை 7:15
தம்பி, அம்மாவுக்காக ஒன்று. மானிட்டருக்கு மட்டும் தனி சாக்கெட் ஒதுக்குங்கள். மற்றதை எல்லாம் அவர் வழக்கம்போல அணைக்கட்டும். இரவு படுக்கப்போவதற்கு அரை மணி முன்பே நீங்கள் மானிட்டரை அதன் பொத்தானில் அணைத்துவிட்டால், அது தன் வேலையை முடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் அவர் சுவரில் அணைத்தாலும் கெடுதல் இல்லை.

நிலவன்77 | சனி, காலை 8:02
இது நல்ல வழி. ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. விளக்கு கண் சிமிட்டுவது நின்ற பிறகு சுவரில் அணைக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னால் போதும். பல மாடல்களில் ரிஃப்ரெஷ் ஓடும்போது விளக்கு சிமிட்டும்.

ஈசூன்_தம்பி | 12 நாள் கழித்து, இரவு 10:40
எல்லாருக்கும் நன்றி. அன்று வாங்கவில்லை. போன சனிக்கிழமை கடைக்குப் போய் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன், மல்லி அக்கா சொன்ன கத்தரிப்பூ நிறம் தெரிந்தது. டபிள்யூஓஎல்இடி, லோக்கல் செட், 3 ஆண்டு, பர்ன்-இன்னும் சேர்த்து. 979 வெள்ளி. வேலைக்குப் பழையதுதான். அம்மாவிடம் விளக்கைக் காட்டினேன், இப்போது அது சிமிட்டி முடியும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் அணைக்கிறார்.

மல்லி_செங்காங் | இரவு 10:52
ரொம்ப மகிழ்ச்சி தம்பி. எந்த மாடல்? தமிழ் எழுத்து எப்படித் தெரிகிறது? வெள்ளைப் புள்ளி இருப்பதால் அதிலும் விளிம்பு வேறு மாதிரி இருக்கும், ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

சிம்லிம்_சுற்றி | மறுநாள், மதியம் 1:05
எந்தக் கடை என்றும் சொல்லுங்கள்.

மல்லி_செங்காங் | 3 வாரம் கழித்து, இரவு 9:30
தம்பி, இருக்கிறீர்களா?