மறு: நெடும்புல்லா, சாண்புல்லா?

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக எல்லோரும் எழுதியதைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், பதில் போட நேரமில்லை. இங்கே பெங்களூரில் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் எங்களுக்குப் புல், புல் என்றால் ராத்திரி வேலை. நடுவில் வந்தவர்களுக்காக ஒரு வரி: நான் இருக்கும் ஒப்பந்தக் கம்பெனி ஒரு விமானத்தளத்தில் புல் வெட்டுகிறது, ஆட்களில் பாதிப்பேர் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், அவர்களுக்குத் தமிழில் இரண்டு பக்கக் கையேடு எழுதவேண்டும். அதில் வரும் ‘லாங் கிராஸ் பாலிசி’க்குத்தான், அதாவது பறவை வந்து விமானத்தில் மோதாமல் இருக்கப் புல்லை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் உயரமாக விடும் முறைக்கு, தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன்.

> நெடும்புல் கொள்கை. சுருக்கம், இலக்கணச் சுத்தம். இதற்குமேல் என்ன வேண்டும்?

டெல்லி ஐயா, சொல் சுத்தம்தான், பொருள்தான் இடிக்கிறது. பிரிட்டன் விமானத்தளங்களில் இந்த முறைக்கு வைத்திருக்கும் உயரம் 15 முதல் 20 செ.மீ. அவ்வளவுதான். கூட்டமாகத் தரையில் மேயும் பறவை தலையைத் தூக்கினால் சுற்றுவட்டாரம் தெரியவேண்டும், பூனை வருகிறதா, கூட்டாளிகள் எங்கே என்று. புல் கண்ணை மறைத்தால் அதற்கு இருப்புக் கொள்ளாது, மண்ணில் இருக்கிற புழுவும் எளிதில் அலகுக்கு எட்டாது, வேறு இடம் பார்த்துப் போய்விடும். ஒட்ட மழித்த புல்தரை நமக்குத்தான் அழகு. ஆள்காட்டிக் குருவிக்கு அது முட்டையிட அளந்து போட்ட மனை.

ஆனால் ‘நெடும்புல்’ என்றால் தமிழ் ஆளுக்கு என்ன தோன்றும்? முழங்கால் உயரம் தோன்றும். இது கற்பனை இல்லை. போன வருஷம் மேஸ்திரி ஒருவர் “இனிமே புல்லை நீளமா விடணுமாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார், ஆட்களும் விட்டார்கள். செப்டம்பரில் முழங்கால் தாண்டியது. எலி வந்தது, எலிக்குப் பாம்பு வந்தது, எல்லாவற்றுக்கும் மேலே பருந்து வட்டம் போட்டது. புல் கதிர் தள்ளி, விதை கொத்தச் சில்லைக் குருவிகள் வேறு. பறவை வரக்கூடாது என்று வளர்த்த புல்லுக்குப் பறவை வந்தது, ஒரே ஒரு சொல்லால். (எந்தத் தளம் என்று கேட்காதீர்கள்.)

> ‘புள்மோதல் தவிர்ப்புப் புல் மேலாண்மை’

இதை எழுதியவர் கோபித்துக்கொள்ளக்கூடாது. சத்தமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். புள் (பறவை), புல் இரண்டும் ஒரே தொடரில்! எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் வாயில் ள, ல இரண்டும் ஒன்றுதான், வாக்கிடாக்கியில் நம்மில் யாருக்குமே வேறுபாடு தெரியாது. “மூணாவது பகுதியில் புள் அதிகம்” என்று ஒருவர் சொன்னால் மற்றவர் வெட்டும் மெஷினை எடுத்துக்கொண்டு ஓடுவார். பாதுகாப்பு வேலைக்கான சொல்லில் இந்த வம்பு வேண்டாம். பறவை பறவையாகவே இருக்கட்டும். மோதலுக்கும் ‘பறவை மோதல்’ போதும். பத்திரிகையில் அதுதான் வருகிறது, தளத்துக்குள்ளே எல்லோரும் ‘பேர்ட் ஹிட்’ என்றுதான் சொல்கிறார்கள். மோதியது பறவையா விமானமா என்ற சண்டையை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

பறவை விரட்டுவதற்கு ‘ஓப்புதல்’ என்று ஒருவர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. தினைப்புனத்தில் பரண்மேல் உட்கார்ந்து கிளி ஓப்பினார்களே, தட்டை, தழல், குளிர், கவண் என்று எத்தனை கருவி! வெடி போட்டும் ஒலிபெருக்கி வைத்தும் பறவையை விரட்டுகிற வேலைக்கு அந்தச் சொல்லை இன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம். புல் விஷயம் அது இல்லை. விரட்டுவது வந்த பிறகு செய்வது, புல் உயரம் பார்ப்பது வரவே பிடிக்காமல் செய்வது. விமான விதிகளில் (1937) 91ஆம் விதி விமானத்தளத்திலிருந்து 10 கி.மீ. தொலைவுக்குள் ஆடுமாடு வெட்டுவதையும் குப்பை கொட்டுவதையும் தடுக்கிறதே, அதுவும் இந்த இரண்டாவது வகைதான். ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி சமயத்தில் எலகங்கா விமானப்படைத் தளத்தைச் சுற்றி இறைச்சிக் கடைகளைச் சாத்தச் சொல்லும்போது இங்கே எல்லோரும் முணுமுணுப்போம், காரணம் பருந்துதான்.

சரி, என் யோசனை. என் யோசனைகூட இல்லை. போன வாரம் ராத்திரி ஒன்றரை மணி இருக்கும் (பகலில் வெட்டினால் துள்ளுகிற வெட்டுக்கிளிக்கு டிராக்டர் பின்னாலேயே உண்ணிக்கொக்கு ஊர்வலம் வரும், அதனால்தான் ராத்திரி), டீ குடிக்க உட்கார்ந்தபோது பாலக்கோட்டு அக்கா ஒருவரிடம் 15, 20 என்று செ.மீ. கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை விரித்துப் புல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினார், கட்டைவிரல் மண்ணில், சுண்டுவிரல் புல் நுனியில். “ஒரு சாண் விட்டு அறுன்னு சொன்னா தீந்துச்சு, அதுக்கு எதுக்கு சார் டேப்பு?” என்றார். டேப் வைத்தே பார்த்தேன். அவர் சாண் 19 செ.மீ., என் சாண் 22.

அதனால்: சாண்புல் முறை. அதிகமும் இல்லை குறைவும் இல்லை என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, அளவுகோல் ஆளின் கையிலேயே இருக்கிறது. ‘கொள்கை’யும் வேண்டாம், புல் வெட்டுகிறவருக்கு அது மேடைப் பேச்சு மாதிரி. உபரியாக இன்னும் இரண்டு சொல் வயலிலிருந்தே கிடைத்தது. வெட்டும் நேரத்துக்கு ‘பால் பிடிக்குமுன்’, அதாவது விதை திரளுமுன். வருஷத்துக்கு ஒருமுறை அடியோடு வெட்டி, காய்ந்த சருகையெல்லாம் வாரி எடுப்பதற்கு ‘அடியறுப்பு’. சருகை அப்படியே விட்டால் பூச்சிக்கும் எலிக்கும் மெத்தை.

எலகங்காவிலிருந்து

---

எலகங்கா தம்பிக்கு,

மும்பை செம்பூரிலிருந்து எழுதுகிறேன். சாண்புல் காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் எண்ணைப் பெயருக்குள் வைத்துக் கட்டலாமா? அமெரிக்க விமானப்படைத் தளங்களில் 7 முதல் 14 அங்குலம் வரை விடுகிறார்கள், 14 அங்குலம் எந்தச் சாண்? ஓடுபாதை விளக்குகளை ஒட்டிய புல்லைத் தாழ்வாகத்தான் வைக்கவேண்டும், அங்கே சாண் விட்டால் விளக்கு மறையும். பொதுப்பெயராகப் ‘புல் உயரப் பேணல்’ என்று வைத்து, சாண்புல்லை அதில் ஒரு வகையாக்குங்கள். அப்புறம், பெரிய பறவைதான் ஆபத்து என்று முன்னால் யாரோ எழுதியிருந்தார். 1960 அக்டோபரில் பாஸ்டனில் விமானம் விழுந்து 62 பேர் இறந்தது ஸ்டார்லிங் கூட்டத்தால், நம் மைனாவின் ஒன்றுவிட்ட சொந்தம். கூட்டம்தான் பயம், அதைக் கையேட்டில் போடுங்கள்.

---

> மண் + குடம் மட்குடம் என்றால், சாண் + புல் சாட்புல் அல்லவா? குழு இதைக் கவனிக்கவேண்டும்.

டெல்லி ஐயா, இதை எதிர்பார்த்தேன்! மண்புழு இன்னும் மட்புழு ஆகவில்லை, அது நிமிர்ந்து நடக்கிற வரைக்கும் சாண்புல்லும் சாண்புல்லாகவே இருக்கட்டும். சாட்புல் என்று அச்சடித்தால் அது என்ன விதை, எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்பார்கள்.

செம்பூர் அக்கா சொன்னது சரி, பொதுப்பெயர் புல் உயரப் பேணல் என்றே போடுகிறேன். விளக்கோரப் புல்லுக்கு எங்கள் ஆட்கள் ஏற்கெனவே ‘லைட்டோரம்’ என்றுதான் சொல்கிறார்கள், அதை மாற்றப்போவதில்லை. வியாழக்கிழமை அச்சுக்குப் போகும் முதல் பக்கம் இப்போதைக்கு இப்படி:

“லைட்டோரம் ஒட்ட வெட்டு. மற்ற இடத்தில் ஒரு சாண் விட்டு வெட்டு. பால் பிடிக்குமுன் வெட்டு. வெட்டியதை வாரு. ஆள்காட்டி முட்டை கண்டால் தொடாதே, உடனே சொல்லு.”

அடுத்த சொல்லையும் இப்போதே கேட்டுவைக்கிறேன். நியூசிலாந்தில் பூஞ்சை குடியிருக்கும் ஒருவகைப் புல்லை விமானத்தளத்தில் விதைக்கிறார்கள், தின்ற பறவைக்கு வயிற்றைப் புரட்டும், திரும்ப வராது. நான் குமட்டுப்புல் என்று எழுதிவைத்திருக்கிறேன். இதைவிட நல்லதாக யாரிடமாவது இருக்கிறதா?